மஞ்சளுக்கு இணையத்தில் சொந்தக் கடை: கையால் நிறுவும் முறை

மஞ்சள் நட்ட நாள் முதல் ஒன்பது மாதம் பாடுபட்டு, வெட்டியெடுத்து, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மூட்டை பிடிக்கும் விவசாயி, விலை பேசும் இடத்துக்கு வரும்போது மட்டும் வாய் மூடி நிற்க வேண்டியிருக்கிறது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி, சமையலுக்கு வாங்குவோருக்கே நேராக விற்க வழி தேடும் உழவர் குழுக்கள் இணையத்தில் சொந்தக் கடை திறக்கும் யோசனைக்கு வருவது இயற்கையே.

பெரிய விற்பனைத் தளங்களில் பொருளைப் பதிந்து விற்பது ஒரு வழி. அங்கே விற்பனைக்கு விற்பனை தரகு உண்டு. வாங்கியவர் யார், மறுபடி எப்போது வாங்குவார் என்ற விவரமும் தளத்திடமே தங்கிவிடுகிறது. சொந்தக் கடையில் இந்த இரண்டும் இல்லை. கடைக்கான மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. ஓப்பன்கார்ட், பிரெஸ்டாஷாப், வேர்ட்பிரஸ்ஸுடன் சேர்ந்து ஓடும் வூகாமர்ஸ் ஆகியவை இவற்றுள் பலரும் அறிந்தவை. செலவு என்பது தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் கட்டும் ஆண்டு வாடகைதான்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவை என்று எண்ணிவிட வேண்டாம். தெரிந்த ஐம்பது குடும்பங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூட்டை மஞ்சள் தூள் விற்பவருக்கு வாட்ஸ்அப் போதும். இருபது முப்பது பேர் சேர்ந்த குழுவாக இருந்து, தூள், விரலி, விதைக் கிழங்கு எனப் பல பொருள்களை வெளியூர்களுக்கு அனுப்பும்போதுதான் கடை மென்பொருள் தன் செலவுக்கு ஈடுகொடுக்கும்.

சாவி யார் கையில்?

வழக்கமாக நடப்பது இதுதான். நகரத்தில் கணினி வேலை தெரிந்த இளைஞர் ஒருவரிடம் குழு பணத்தைக் கொடுத்துவிடுகிறது. அவர் பத்தே நாளில் கடையைத் திறந்து தந்துவிடுகிறார். தளத்தின் பெயர் அவருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. இடவாடகைக் கணக்கின் கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விடுகிறார். வாடகை புதுப்பிக்க வேண்டும் என்ற நினைவூட்டல் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போகிறது. புது மஞ்சள் வந்து ஆர்டர் குவிய வேண்டிய மாசி மாதத்தில் கடை காணாமல் போகிறது. கடையோடு வாடிக்கையாளர் முகவரிகளும் போய்விடுகின்றன. இதில் அந்த இளைஞர் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. கடை எங்கே இருக்கிறது, எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்பதைக் குழுவில் ஒருவருக்கும் சொல்லித் தராததே குறை.

ஆகவே குழுவில் கொஞ்சம் கணினிப் பழக்கம் உள்ள ஒருவர், குழுவினரின் மகனோ மகளோ ஆனாலும் சரி, ஒருமுறையேனும் மென்பொருளைக் கையால் நிறுவிப் பார்ப்பது நல்லது. சாப்டாகுலஸ் போன்ற கருவிகள் ஒரே அழுத்தலில் கடையை நிறுவிக் கொடுப்பது உண்மையே. அதில் தவறில்லை. ஆனால் எது எங்கே வைக்கப்பட்டது என்பது நிறுவியவருக்கே தெரியாமல் போகிறது. கையால் நிறுவ அரைநாள் பிடிக்கும். அந்த அரைநாளில் கடையின் அஸ்திவாரம் முழுவதும் பழகிவிடும்.

கூட்டுக் கிணறு

குறைந்த வாடகையில் கிடைப்பது பகிர்வு இடம், அதாவது ஷேர்டு ஹோஸ்டிங். இதைக் கூட்டுக் கிணறு என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கு வைத்துக் குடியிருக்கின்றன. பங்காளி ஒருவர் முறை தவறி மோட்டாரை ஓடவிட்டால் மற்றவர் வாய்க்காலில் நீர் குறைவதுபோல், பக்கத்துத் தளத்தில் கூட்டம் அதிகமானால் நம் கடையும் மெதுவாகத் திறக்கும். சிறு குழுவின் தொடக்கத்துக்கு இது போதுமானது. இடம் எடுக்குமுன் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் 8-ஆம் வரிசை உண்டா, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் உண்டா, பூட்டுக் குறியுடன் தளத்தைத் திறக்கும் எஸ்.எஸ்.எல். சான்று இலவசமாகத் தருகிறார்களா என்பவையே அவை. தளத்தின் பெயரையும் இடத்தையும் குழுவின் பெயரில், குழுவின் பொது மின்னஞ்சலில் மட்டுமே பதிய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடை இரண்டு பகுதிகளால் ஆனது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிது. ஒன்று கோப்புகள், இவை கடையின் கட்டடம். மற்றொன்று தரவுத்தளம், இது கடையின் பேரேடு. பொருள், விலை, ஆர்டர், முகவரி அனைத்தும் பேரேட்டில்தான் உள்ளன. கட்டடம் இடிந்தால் மீண்டும் கட்டிவிடலாம், ஏனெனில் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பேரேடு போனால் போனதுதான். இரண்டையும் இணைப்பது ‘கான்ஃபிக்’ என்ற சிறு கோப்பு. பேரேடு எங்கே இருக்கிறது, அதன் பூட்டுக்கு எது சாவி என்பதை அந்தக் கோப்பே கட்டடத்துக்குச் சொல்கிறது.

நிறுவும் முறை

இங்கே ஓப்பன்கார்ட் மென்பொருளின் 4-ஆம் வரிசை உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மற்ற மென்பொருள்களிலும் முறை ஏறக்குறைய இதுவே. பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

முதலில் ஓப்பன்கார்ட் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து ஜிப் பொட்டலத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். வேறு எங்கிருந்தும் எடுக்கக் கூடாது. கணினியில் பிரித்துப் பார்த்தால் உள்ளே ‘அப்லோட்’ என்ற உறை தெரியும். அதற்குள் இருப்பவை மட்டுமே கடைக்கு உரியவை. இவற்றை வாடகை இடத்தில் ‘பப்ளிக் எச்.டி.எம்.எல்.’ என்ற உறைக்குள் சேர்க்க வேண்டும். அப்லோட் உறையையே அப்படியே தூக்கி வைத்துவிடுவது முதல்முறை நிறுவுவோர் பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் தளத்தின் முகவரிக்குப் பின்னால் ‘அப்லோட்’ என்று சேர்த்து அடித்தால்தான் கடை திறக்கும்.

ஃபைல்ஜில்லா போன்ற எஃப்.டி.பி. கருவியால் கோப்புகளை ஏற்றலாம். ஆனால் இவை ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கோப்புகள். கிராமத்து இணைய இணைப்பில் நடுவே அறுந்து, நான்கைந்து கோப்புகள் விட்டுப்போனாலும் கடை ஓடாது. எது விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதும் கடினம். அப்லோட் உறைக்குள் இருப்பவற்றை மறுபடி ஒரே ஜிப் பொட்டலமாகக் கட்டி, அதை மட்டும் ஏற்றி, வாடகை இடத்தின் கோப்பு மேலாளரில் வைத்துப் பிரிப்பதே நல்லது. நாற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லாமல் முடிச்சாகக் கட்டி வயலுக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பது போன்றது இது.

அடுத்து, ‘கான்ஃபிக்-டிஸ்ட்’ என்ற கோப்பின் பெயரை ‘கான்ஃபிக்’ என்று மாற்ற வேண்டும். இதே பெயரில் ‘அட்மின்’ உறைக்குள்ளும் ஒரு கோப்பு உண்டு. அதையும் மாற்ற வேண்டும். இரண்டாவதை மறந்துவிடுவோர் அதிகம்.

பேரேட்டைத் திறக்கும் வேலை சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் நடக்கிறது. இதில் மூன்று படிகள். தரவுத்தளம் ஒன்றை உண்டாக்குதல், அதற்கான பயனர் ஒருவரைக் கடவுச்சொல்லுடன் உண்டாக்குதல், அந்தப் பயனரை அந்தத் தரவுத்தளத்தில் சேர்த்து எல்லா உரிமைகளையும் வழங்குதல். முதல் இரண்டையும் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால், கணக்கரை வேலைக்கு வைத்து, பேரேட்டுச் சாவியைக் கொடுக்காத கதையாகிவிடும். ‘ஆக்சஸ் டினைட்’ என்ற பிழை திரையில் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மற்றொன்றும் உண்டு. சிபேனல் தானாகவே கணக்கின் பெயரையும் ஓர் அடிக்கோட்டையும் முன்னால் சேர்த்துவிடும். ‘கடை’ என்று பெயரிட்டால் அது ‘குழு_கடை’ என்று ஆகும். நிறுவும்போது முழுப் பெயரையும் தர வேண்டும். ‘கடை’ என்று மட்டும் தந்தால் இணைப்புக் கிடைக்காது.

இனி உலாவியில் தளத்தின் முகவரியைத் திறந்தால் நிறுவும் பக்கம் தானே வரும். உரிம விவரத்தை ஏற்றவுடன், தேவையானவை சரியாக உள்ளனவா என்று மென்பொருளே சோதித்துப் பச்சை, சிவப்பு அடையாளம் காட்டும். பி.எச்.பி. வரிசை பழையதாக இருந்தால் சிபேனலில் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் தரவுத்தள இடம் என்பதில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றும், பிறகு முழுப் பெயர்கள், கடவுச்சொல் ஆகியவற்றையும் தர வேண்டும். போர்ட் எண் 3306. அட்டவணைகளின் முன்னெழுத்தாக ‘ஓ.சி.’ என்று இருக்கும். ஒரே தரவுத்தளத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டால் அப்படியே விடலாம். நிர்வாகியின் பெயராக ‘அட்மின்’ என்றே வைப்பது வழக்கம். அதை மாற்றி வேறு பெயர் வைப்பது நல்லது. சிறிது நேரத்தில் கடை நிறுவப்பட்டுவிடும்.

777 வேண்டாம்

சில உறைகளில் மென்பொருள் எழுத வேண்டியிருப்பதால் அனுமதி எண் பற்றிக் கேள்வி எழும். 4 என்பது படிக்கும் உரிமை, 2 எழுதும் உரிமை, 1 உள்ளே நுழையும் அல்லது இயக்கும் உரிமை. இவற்றைக் கூட்டிய எண்ணே அனுமதி. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவரது கூட்டத்தாருக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். உறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே பொதுவான அளவு. நிறுவும் பக்கத்தில் சிவப்பு அடையாளத்தைக் கண்டதும் பலர் 777 என்று திறந்துவிடுகிறார்கள். கூட்டுக் கிணற்றில் இது சொந்த வீட்டுக் கதவைப் பங்காளிகள் அனைவருக்கும் திறந்து வைப்பதாகும். சில வாடகை இடங்களில் 777 வைத்தால் பாதுகாப்புக் கருதிக் கணினியே இயங்க மறுத்து, 500 என்ற எண்ணுடன் பிழை காட்டும். 755 வைத்தும் எழுத முடியவில்லை என்றால் கோப்புகளின் சொந்தக்காரர் யார் என்பதில் சிக்கல் இருக்கலாம். இடம் தந்தவரிடம் கேட்பதே முறை. நிறுவி முடித்தபின் இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் 444 என்று, படிக்க மட்டும் முடிகிறபடி மாற்றிவிடலாம்.

வெள்ளைத் திரை மட்டும் வந்து எதுவும் தெரியாவிட்டால் பதற்றப்பட வேண்டாம். சிபேனலில் பிழைப் பதிவேடு இருக்கிறது. அதன் கடைசி வரியில் பெரும்பாலும் காரணம் எழுதியிருக்கும்.

நிறுவியபின் செய்ய வேண்டியவை

கடை திறந்த மகிழ்ச்சியில் இந்தப் பகுதியை விட்டுவிடுவதுதான் ஆபத்து. நிறுவப் பயன்பட்ட ‘இன்ஸ்டால்’ என்ற உறையை உடனே அழிக்க வேண்டும். அது இருக்கும்வரை வழிப்போக்கர் யாரும் வந்து மீண்டும் நிறுவலைத் தொடங்கிப் பேரேட்டை வெறுமையாக்கிவிட இடமுண்டு. ‘அட்மின்’ உறைக்கு எளிதில் ஊகிக்க முடியாத வேறு பெயர் இட வேண்டும். ‘ஸ்டோரேஜ்’ என்ற உறையைப் பொது இடத்துக்கு வெளியே நகர்த்த வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் நுழைந்ததும் ஓப்பன்கார்ட்டே இவற்றை நினைவூட்டும்; நகர்த்தியும் தரும். கையால் நகர்த்தினால் இரண்டு கான்ஃபிக் கோப்புகளிலும் புதிய இடத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் கடை திறக்கும், நிர்வாகப் பக்கம் திறக்காது, அல்லது இது தலைகீழாக நடக்கும்.

பூட்டுக் குறியில்லாத கடையில் எவரும் பணம் கட்டக் கூடாது, கட்டவும் மாட்டார்கள். வாங்குவோரின் அட்டை எண்ணைக் கடையில் சேமிக்கும் எண்ணமே வேண்டாம். பணம் பெறும் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பி, பணம் கட்டியபின் திரும்பி வரச் செய்யும் முறையே சிறு குழுக்களுக்கு ஏற்றது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்ற பெரிய விமான நிறுவனத்தின் தளத்திலேயே 2018-ஆம் ஆண்டில் யாரோ சில வரி நிரலைச் செருகி, பயணிகள் அடித்த அட்டை விவரங்களைத் திருடினார்கள். அதற்காக அந்நிறுவனத்துக்கு 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வளவு ஆள்பலம் உள்ள இடத்திலேயே இது நடந்தது.

கட்டணம் கட்டி வாங்க வேண்டிய இணைப்பு நிரல்களைச் சிலர் இலவசமாகத் தருவதாக இணையத்தில் சொல்வதுண்டு. சான்று அட்டை இல்லாத விதைப் பையை விட இது மோசம். முளைக்காவிட்டால் நஷ்டம் ஒரு போகத்தோடு போகும். திருட்டு நிரலிலோ பின்கதவு வைத்தே தந்திருப்பார்கள்.

அனுப்பும் செலவு ஐந்து ரூபாயா?

ஓப்பன்கார்ட் வெளிநாட்டில் உருவானது. நிறுவியவுடன் அதில் கேமராவும் மடிக்கணினியும் மாதிரிப் பொருள்களாக இருக்கும். நாணயம் டாலர், பவுண்டு, யூரோ. வரி அமைப்பு பிரிட்டன் நாட்டுக்கு உரியது. இவற்றையெல்லாம் மாற்றாமல் மஞ்சளை ஏற்றக் கூடாது. முதலில் ரூபாயைப் புதிய நாணயமாகச் சேர்த்து, மதிப்பு 1 என்று வைத்து, கடையின் முதன்மை நாணயமாக்க வேண்டும். பிரிட்டன் வரி மண்டலத்தை நீக்கி, தங்கள் கணக்காளர் சொல்லும் சரக்கு சேவை வரி விகிதத்தை இட வேண்டும். அனுப்பும் செலவு என்பதில் ‘5.00’ என்ற தட்டையான கட்டணம் தயாராக இருக்கும். நாணயத்தை ரூபாயாக்கினாலும் எண் மாறாது. அப்படியே விட்டால் மும்பைக்கு இரண்டு கிலோ தூள் அனுப்ப வாடிக்கையாளரிடம் ஐந்து ரூபாய்தான் வசூலாகும். மிச்சம் குழுவின் தலையில். எடைக்கு ஏற்றபடி கட்டணம் போடும் வசதி மென்பொருளிலேயே உண்டு. கூரியர் அல்லது அஞ்சல் கட்டணப் பட்டியலைப் பார்த்து, பொட்டலத்தின் எடையையும் சேர்த்து இட வேண்டும்.

பொருள்களின் பெயரையும் விளக்கத்தையும் தமிழில் அடித்தாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். தூள் போன்ற உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைக் கடைப் பக்கத்தில் போட வேண்டும். ஆர்டர் வந்ததும் போகும் மின்னஞ்சல் வாங்கியவரின் குப்பைப் பெட்டியில் விழுந்தால் அவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பார். தளத்தின் பெயரிலேயே ஓர் அஞ்சல் பெட்டி உண்டாக்கி, எஸ்.எம்.டி.பி. முறையில் அனுப்பும்படி அமைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

விதைக்கு ஒதுக்குவது போல

அறுவடையில் விதைக் கிழங்குக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் விற்பனைக்கு எடுப்பார்கள். கடைக்கும் அதே வழக்கம் வேண்டும். வாரம் ஒருமுறை பி.எச்.பி.மைஅட்மின் வழியாகத் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து, வீட்டுக் கணினியில் இறக்கி வைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நாள்தோறும் செய்யலாம். சில நிமிட வேலைதான். கோப்புகளில் படங்கள் உள்ள உறையையும் இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். இடம் தந்தவர் தாமே நகல் வைத்திருப்பதாகச் சொன்னாலும் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அவரோடு தகராறு வந்தால் நகலும் அவரிடம்தான் இருக்கும்.

எடுத்து வைத்த நகல் முளைக்குமா என்றும் பார்க்க வேண்டும். அதே வாடகை இடத்தில் ‘சோதனை’ என்று ஓர் உறை உண்டாக்கி, கோப்புகளை இட்டு, புதிய தரவுத்தளத்தில் நகலை இறக்குமதி செய்து, கான்ஃபிக் கோப்புகளில் முகவரியையும் இடத்தையும் தரவுத்தளப் பெயரையும் மாற்றினால் இரண்டாவது கடை திறக்க வேண்டும். கையால் நிறுவியவருக்கு இது ஒரு மணி நேர வேலை. நாளை வாடகை கூடிவிட்டது, வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்றாலும் செய்ய வேண்டியது இதே வேலைதான். சோதனை முடிந்ததும் அந்த உறையையும் தரவுத்தளத்தையும் அழித்துவிட வேண்டும். பூட்டில்லாத இரண்டாவது கடையில் வாடிக்கையாளர் முகவரிகளை விட்டு வைக்கலாகாது.

புதிய வரிசை மென்பொருள் வரும்போது உடனே மாற்றிவிடத் துடிக்க வேண்டாம். பாதுகாப்புக்கான சிறு திருத்தங்களைத் தாமதிக்காமல் ஏற்றலாம். பெரிய மாற்றங்களை ஆர்டர் குறைந்த ஆடி, ஆவணியில், நகல் எடுத்து, சோதனை உறையில் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். கான்ஃபிக் கோப்புகளின் மேல் புதியவை விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

தளத்தின் பெயர் பதிந்த இடம், வாடகை இடம், குழுவின் மின்னஞ்சல், நிர்வாகப் பக்கத்தின் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், வாடகை புதுப்பிக்க வேண்டிய நாள் ஆகியவற்றையும் அவற்றுக்குரிய கடவுச்சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி, குழுவின் வரவுசெலவுப் புத்தகங்களோடு பூட்டி வைக்க வேண்டும். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு இந்த நோட்டும் கைமாற வேண்டும். அன்றே கடவுச்சொற்களையும் மாற்றிவிட வேண்டும்.

புது மஞ்சள் தை, மாசியில் வரத் தொடங்கும். கார்த்திகையில் இடம் எடுத்து நிறுவி, மார்கழிக்குள் விலை, எடை, அனுப்பும் கட்டணம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம். திறப்பதற்கு முன் வெளியூர் உறவினர் ஒருவரைவிட்டு, அவருடைய கைப்பேசியிலிருந்து கால் கிலோ தூளுக்கு ஆர்டர் போடச் சொல்லி, பணம் கட்டவும் சொல்ல வேண்டும். பணம் குழுவின் கணக்கில் ஏறி, மின்னஞ்சல் அவருக்குப் போய், பொட்டலம் அவர் வீடு சேர்ந்த பிறகு கடையின் முகவரியை ஊருக்கு அறிவிக்கலாம்.